நெற்றியில் ஈரம்

எனக்கு எழுத்து ஓடாது. கன்னியர்கள் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு நின்றவள். ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றைச் சொல்வேன், முன்னால் நடந்தது பின்னால் வரும், பாதி மறந்தும் போகும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் தெருவிலுள்ள கிறிஸ்தவக் குடும்பங்கள் அன்பியம் என்று ஒவ்வொரு வீட்டிலாகக் கூடி ஜெபம் சொல்வது வழக்கம். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் செய்த தருமத்தைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்லச் சொன்னபோது மற்றவர்கள் எழுந்து சொன்னார்கள். எனக்கு நாலு பேர் முகத்தைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் சொல்றேன் என்று உட்கார்ந்துவிட்டேன். இதுதான் அந்த அப்புறம்.

என்னைப் பற்றி இரண்டு சங்கதி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்று, நான் சந்தேகக்காரி. மில்லில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும், "உனக்குப் பாலு ஊத்தறவன் பசுவையும் கூட்டிக்கினு வந்து காட்டணும்" என்பார். இன்னொன்று, கொரோனா காய்ச்சல் வந்து போனதிலிருந்து எனக்கு மூக்கு செத்துப்போய்விட்டது. கருவாடும் சாம்பிராணியும் எனக்கு ஒன்றுதான். மருமகளுக்குத் தெரிந்தால் அடுப்படிப் பக்கம் விடமாட்டாள் என்று வீட்டில்கூடச் சொல்லவில்லை.

நான் இருப்பது முதலியார்பேட்டையில், பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர். கோரிமேட்டுப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். கூட இருந்து பார்க்க ஆளில்லாமல் கிடக்கிற நோயாளிகளுக்கு தபசு காலம் முழுக்கப் போய் சோறு ஊட்டுவது, தலை வாரிவிடுவது என்று அன்பியத்தில் முடிவு செய்தார்கள். இரண்டு இரண்டு பேராகப் போக வேண்டும். எனக்கு ஜோடியாக வந்தவர் ஒரு மதாம்.

மதாம் என்றால் வெள்ளைக்காரி இல்லை, நம்ம ஊர்த் தமிழச்சிதான். வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தவர். அவர் காலமான பிறகும் பிரான்சிலிருந்து பென்சன் வருகிறது. பேசுவது தமிழ், ஆனால் ஜெபம் மட்டும் பிரெஞ்சில். கஞ்சி போட்ட காட்டன் சேலையும் கைப்பையுமாக இருக்கிற இவர் எதற்காக என்னோடு பஸ்ஸில் நின்றுகொண்டு வர வேண்டும்? என் முதல் சந்தேகம் அங்கே ஆரம்பித்தது.

எங்களுக்குக் காட்டிய கட்டிலில் விழுப்புரத்துப் பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்தி படுத்திருந்தாள். நடவுக்கு ஆட்களை ஏற்றிப்போன வண்டி கவிழ்ந்து இடுப்பில் அடி, இரண்டு கையும் ஒடிந்து மாவுக்கட்டு. மல்லாந்தே கிடந்து முதுகில் புண் வைத்துவிட்டது. புருஷன் கேரளாவில் சென்ட்ரிங் வேலை. அவன் வேலையை விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. மாமியார் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். பக்கத்துக் கட்டிலுக்காரர்கள் அவ்வப்போது இரண்டு வாய் ஊட்டுவார்கள், அவர்களுக்கும் அவரவர் நோயாளி இருக்கிறார். அவள் வயிறு நிறையச் சாப்பிடுவது மத்தியானம் நாங்கள் போகிறபோதுதான்.

அந்த வார்டு நர்ஸம்மா முதல் நாளே எங்களை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னார். "சோறு குடுங்க, தலை வாருங்க, பேசிக்கிட்டு இருங்க. ஜெபம், புஸ்தகம், எண்ணெய், தண்ணி எதுவும் இங்க வேணாம். யாராச்சும் வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டாங்கன்னா அன்னியோட உங்கள நிறுத்திடுவேன். அப்புறம் இந்தப் பொண்ணுக்கு யாரு ஊட்டறதுன்னு நீங்களே பாத்துக்குங்க."

மதாம் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

அந்தக் கட்டில் பக்கம் வருகிறவர்கள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொள்வார்கள். நான் பாட்டுக்குக் குனிந்து, குழைய வடித்த சோற்றில் ரசம் விட்டுப் பிசைந்து ஊட்டுவேன். பெத்த தாய்கூட இப்பிடிச் செய்ய மாட்டா என்று எதிர்க் கட்டிலில் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. என் மூக்கின் சங்கதி அவர்களுக்கு என்ன தெரியும்.

சாப்பாடு முடிந்ததும் மதாம் தினமும் ஒன்று சொல்வார். "அக்கா, டம்ளரைக் கழுவிக்கினு வந்துடுங்களேன்." குழாய் வராந்தாவின் அந்தக் கோடியில் இருக்கிறது. நான் போய்த் திரும்பி வந்தால் அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். அவள் நெற்றி ஈரமாக இருக்கும். மதாம் எதையோ கைப்பைக்குள் வைத்துக்கொண்டிருப்பார்.

முதலில் வேர்வை என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் அந்த எதையோ பார்த்துவிட்டேன். மாதா உருவத்தில் இருக்கும் பிளாஸ்டிக் பாட்டில், தலையில் நீல மூடி. வில்லியனூர் மாதா கோவில் திருவிழாவில் தீர்த்தம் பிடிக்க விற்பார்களே, அதேதான். என் வீட்டு அலமாரியிலும் ஒன்று இருக்கிறது.

ஞானோபதேச வகுப்பில் எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆபத்தில் இருக்கிறவர்களுக்குப் பங்குச் சாமியார் கிடைக்காவிட்டால் யார் வேண்டுமானாலும் தலையில் தண்ணீர் ஊற்றி, அதற்குரிய வார்த்தையைச் சொன்னால் ஞானஸ்நானம் ஆகிவிடும். அந்தக் காலத்தில் என் அத்தை ஒருத்தி ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தாள். பிழைக்காத பிள்ளைகளுக்கெல்லாம் யாருக்கும் தெரியாமல் ஊற்றிவிட்டு, மோட்சத்தில் எனக்கு நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். மதாமும் அந்த ரகமா?

பஸ்ஸில் திரும்பும்போது மெல்லப் போட்டுப் பார்த்தேன். "மதாம், தொண்டை காயுது. உங்க பையில தண்ணி பாட்டிலு இருந்துச்சே, கொஞ்சம் குடுங்களேன்."

"அது குடிக்கறது இல்ல" என்றார் மதாம், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

"பின்ன எதுக்கு?"

"இறங்குனதும் உங்களுக்குச் சோடா வாங்கித் தரேன்."

சோடா வாங்கித் தந்தார். குடித்தேன். சந்தேகம் இறங்கவில்லை.

மறுநாள், மதாம் நர்ஸம்மாவிடம் போன நேரம் பார்த்து அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "ஏம்மா, மதாம் உனக்கு எதனா சொல்லித் தர்றாங்களா?"

"ஒன்னும் இல்லியேம்மா."

"நெத்தியில இன்னா ஈரம்?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வெயிலு" என்றாள். அந்த வார்டில் தலைக்கு மேலே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு மறைக்கிறார்கள் என்று ஆகிவிட்டது. அன்றைக்கு டம்ளரைக் கழுவாமலே பாதி வழியில் திரும்பி வந்து கதவோரம் நின்றேன். மதாம் பாட்டிலைக் கவிழ்த்து விரலை நனைத்து அவள் நெற்றியில் தடவினார். தலையணை ஓரத்திலும் தெளித்தார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. பிரெஞ்சு. எனக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை.

பஸ்ஸில் மதாமை விட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தேன். என் மனசு இரண்டு பக்கமும் இழுத்தது. நான் மோட்சம் உண்டென்று நம்புகிறவள். ஊற்றினால்தான் என்ன, நல்லதுதானே என்று ஒரு நினைப்பு. ஆனால் அந்தப் பெண்ணின் கையில், மாவுக்கட்டுக்கு மேலே முழங்கைக்குப் பக்கத்தில், மாரியம்மன் கோவில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. பைபிளில் வருகிற கண் தெரியாதவனிடம்கூட உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தானே ஆண்டவர் தொட்டார். இவளை யார் கேட்டார்கள்? அதைவிடப் பெரிய பயம், நர்ஸம்மா சொன்னது. யாராவது பார்த்துவிட்டால் அந்தப் பெண்ணுக்கு மறுநாள் வாயில் சோறு இல்லை. சாமியாரிடம் சொல்லலாம் என்றால், அவர் மதாமைக் கூப்பிட்டு விசாரிப்பார், விஷயம் எங்கே போய் நிற்குமோ. மதாமிடமே நேராகக் கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை.

நான் பயந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. குழாயிலிருந்து நான் திரும்பி வருகிறபோது கட்டில் பக்கத்தில் ஒரு ஆள், தோளில் பயணப் பை. அவள் புருஷன். கேரளாவிலிருந்து சொல்லாமல் வந்திருந்தான். பொண்டாட்டியின் நெற்றியையே பார்த்துக்கொண்டு நின்றான். குங்குமம் கரைந்து புருவத்து மேலே சிவப்பாக வழிந்திருந்தது.

"பொட்டு எங்கடி?"

அவள் கண் மதாம் பக்கம் போனது.

"யாரு தொடச்சது? இன்னா ஊத்துனாங்க உந் தலையில?" சத்தம் போடவில்லை. அடிக்குரலில் கேட்டான். அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. "சோறு போடறேன்னு வந்துட்டு இந்த வேலையா பாக்கறீங்க?"

நர்ஸம்மா வந்துவிட்டார். "நான் அன்னிக்கே சொன்னனா இல்லியா? பையில இன்னா வச்சிருக்கீங்க, எடுங்க மதாம்."

மதாம் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். என்னை ஒரு பார்வை பார்த்தார். கட்டிலில் கிடந்தவளை ஒரு பார்வை பார்த்தார். குற்றம் செய்தவர்கள் அப்படித்தான் நிற்பார்கள் என்று நான் நினைத்தேன்.

"சரி, சொல்ல மாட்டீங்க. நாளையிலேர்ந்து ரெண்டு பேரும் வர வேணாம்."

கட்டிலில் இருந்தவள் அழ ஆரம்பித்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் அவளுக்குக் கை இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு என்ன வந்ததோ தெரியாது. "குடுங்க மதாம்" என்று பைக்குள் கையை விட்டு பாட்டிலை எடுத்துவிட்டேன். தீர்த்தமாக இருந்தால் அதுவும் தெரிந்துபோகட்டும், பொய்யில் நின்றுகொண்டு எத்தனை நாள் ஊட்டுவது. மூடியைத் திருகினேன். அவசரத்தில் கொஞ்சம் என் புறங்கையில் சிந்தியது.

தண்ணீர் அப்படி ஜில்லென்று இருக்காது. சிந்தின வேகத்தில் காய்ந்தும் போனது. தண்ணீர் இல்லை என்று கைக்குத் தெரிந்தது, ஆனால் என்னவென்று தெரியவில்லை. மூக்கிடம் கேட்க எனக்கு வழியில்லை. அப்படியே பாட்டிலை அந்தப் புருஷன்காரன் கையில் கொடுத்தேன். "நீயே பாரு தம்பி" என்றேன்.

அவன் மோந்து பார்த்தான். முகம் மாறியது. "செண்டா இது?"

நர்ஸம்மா வாங்கி மோந்தார். "ஓதெகொலோன்" என்றார். எங்கள் ஊரில் பழைய வீடுகளில் காய்ச்சலுக்கு நெற்றியில் துணி நனைத்துப் போடுவார்களே, அந்த வாசனைத் தண்ணீர். "நீங்க பூசிக்கினு வர்ற வாசனைன்னு இல்ல நெனச்சேன். இத எதுக்கு மாதா பாட்டில்ல ஊத்திக்கினு வர்றீங்க?"

"கண்ணாடி பாட்டில உள்ள விட மாட்டேன்னு கேட்டுல செக்யூரிட்டி திருப்பி அனுப்பிட்டான்" என்றார் மதாம். "வீட்ல காலியா இது ஒன்னுதான் இருந்துச்சு."

"அத முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே?"

பதில் சொன்னது அந்தப் பெண்தான். "நாந்தாங்க போடச் சொன்னேன். எம் முதுவு நாத்தம் எனக்கே தாங்கல. வர்றவங்க எல்லாரும் மூக்கப் பொத்திக்கறாங்க. இந்தம்மா ஒருத்தங்கதான் மூஞ்சச் சுளிக்காம எனக்குச் சோறு ஊட்டறாங்க. இவங்களுக்குத் தெரிஞ்சிடக் கூடாதுன்னு, இவங்க இல்லாதப்ப தடவுங்கன்னு மதாம்மாகிட்ட சத்தியம் வாங்கிக்கினேன்."

இந்தம்மா என்றது என்னை.

நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் மூக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று வாய்வரைக்கும் வந்தது. அவள் என்னைப் பார்த்த பார்வையில் திரும்பி உள்ளே போய்விட்டது.

புருஷன்காரன் பையை இறக்கி வைத்துவிட்டு அவள் முந்தானையாலேயே அவள் கண்ணைத் துடைத்தான். நர்ஸம்மா, "புண்ணுல பட்டா உயிரு போயிடும், நெத்தியோட நிறுத்திக்குங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். வர வேண்டாம் என்ற பேச்சு அதோடு முடிந்தது. புருஷன்காரன் தன் சட்டைப் பையிலிருந்து மாரியம்மன் கோவில் குங்குமப் பொட்டலத்தை எடுத்து மதாமிடம் நீட்டினான். "கரைஞ்சா நீங்களே வச்சி உடுங்கம்மா" என்றான். வாங்குவாரா மாட்டாரா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாங்கினார். விரலில் தொட்டு அவள் நெற்றி நடுவில் வட்டமாக வைத்தார்.

பஸ்ஸில் மதாமிடம் மட்டும் என் மூக்கைப் பற்றிச் சொன்னேன்.

"தெரியும் அக்கா. மாதா பாட்டில்ல ஊத்திக்கினு வந்த மொத நாளே, பஸ்ல அது பைக்குள்ள ஒழுகிடுச்சி. வண்டியில இருந்தவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. நீங்க மட்டும் ஜன்னலப் பாத்துக்கினு வந்தீங்க."

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா?"

"எதுக்குச் சொல்லணும்? நீங்க ஊட்டுனது மூக்காலயா, கையாலதானே."

அதற்கப்புறம் தினமும் எனக்கு எதிரிலேயே தடவினார், பொட்டும் வைத்தார். பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அடுத்த அன்பியக் கூட்டத்தில் மதாமின் விரல் நுனிச் சிவப்பைப் பார்த்துவிட்டு ஒரு அம்மா என் காதில், "இன்னா அது குங்குமமா? மதாம் எங்கியாச்சும் கோவிலுக்குப் போய்க்கினு வர்றாங்களா?" என்று கேட்டார். "எனக்கு எப்பிடித் தெரியும்" என்று சொல்லிவிட்டேன். சந்தேகப்படுகிறவர்கள் நான் ஒருத்தி மட்டும் இல்லை.

ஈஸ்டர் பாஸ்கா முடிந்தும் நாங்கள் போய்க்கொண்டுதான் இருந்தோம், அப்புறம் அந்தப் பெண்ணின் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். முதுகுப் புண்ணும் ஆறி வந்தது. கடைசி நாள் அவளே கையால் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் எனக்கு ஊட்டினாள். ருசியும் அரைகுறைதான் எனக்கு. வாங்கிக்கொண்டேன்.

இவ்வளவும் சொன்னேனே, ஒன்று மட்டும் இன்னும் என் மனசை அரிக்கிறது. தடவும்போது மதாம் வாய்க்குள் என்ன சொன்னார்? வாசனைத் தண்ணீருக்கு எதற்கு வார்த்தை? கேட்டதற்கு, அது எனக்கும் ஆண்டவருக்கும் என்று முடித்துவிட்டார். மாதாவுக்குச் சொல்கிற சாதாரண அருள் நிறை மந்திரமாக இருக்கலாம். வேறாகவும் இருக்கலாம். பிரெஞ்சு தெரிந்தவர்கள் யாராவது பக்குவமாக அவரிடம் கேட்டு, நான் எழுதியதில் தப்பிருந்தால் திருத்திவிடுங்கள். வண்டி கவிழ்ந்தது நடவுக்குப் போகும்போதா களையெடுக்கப் போகும்போதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், எனக்குச் சரியாக நினைவில்லை. ஆனால் அதற்காக அந்தப் பெண்ணிடம் போய் இதைப் படித்துக் காட்ட வேண்டாம்.