வாங்காத வயர்

தண்ணீர் பம்பு செய்யும் கம்பெனியில், சாமான் வாங்கும் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். மூன்று இடத்தில் விலை கேட்டு, குறைந்ததை எடுப்பது என் வேலை. அது ஆபீஸோடு நின்றிருந்தால் குடும்பம் பிழைத்திருக்கும். துடைப்பத்துக்கும் மூன்று கடை ஏறுகிறவன் நான்.

மனைவி ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். தீக்காயத்துக்கான முதலுதவி பற்றிப் பேச உள்ளூர் சேனல் ஒன்று அவளைக் கூப்பிட்டிருந்தது. ஞாயிறு காலை பத்து மணிக்கு நேரலை. மறுஒளிபரப்பு கிடையாது.

"எப்படியாவது ரெக்கார்டு பண்ணி வைங்க. நான் எப்படிப் பேசினேன்னு பாக்கணும்" என்றாள். அவள் என்னிடம் வாய்விட்டு எதையும் கேட்பது அபூர்வம். கேட்டால் மூன்று கடை ஏறிவிடுவேனோ என்ற பயம்.

ஏறினேன். டிவி படத்தை லேப்டாப்பில் இறக்கும் கருவி முதல் கடையில் பெட்டி போலக் கனமாக இருந்தது, விலையும் அப்படியே. இரண்டாவது கடையில் சுமார். மூன்றாவது கடையில் கட்டைவிரல் நீளத்தில் ஒன்று, அடிமாட்டு விலைக்கு.

"சார், இதுல படம் மட்டும்தான் வரும். சத்தத்துக்கு இந்த வயரையும் வாங்கிக்குங்க" என்றார் கடைக்காரர்.

வயரைத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியாதா? வேண்டாம் என்றுவிட்டேன்.

சனிக்கிழமை ஆளில்லாத வீட்டில் செய்தியைக் கொஞ்சம் ரெக்கார்டு செய்து போட்டுப் பார்த்தேன். படம் வந்தது. செய்தி வாசிப்பவரின் குரலும் கணீரென்று வந்தது. வயர் இல்லாமலேயே! அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிறு மாமனாரும் மச்சினனும் வந்தார்கள். திரையில் அவள் முகம் தெரிந்ததுதான் தாமதம்.

"மாப்ளே, என் பொண்ணு!"

"அக்காவுக்குப் பவுடர் ஜாஸ்தி."

"ஷ்ஷ்! வாயை மூடுங்க! ரெக்கார்டு ஆகுதுல்ல!" என்று கத்தினேன்.

"நாங்க பேசினா அதுக்கென்ன மாமா?"

"நான் கவனிக்க வேண்டாமா? சும்மா இருடா!"

மத்தியானம் அவள் வந்து, புடவைகூட மாற்றாமல் லேப்டாப் முன் உட்கார்ந்தாள். படம் பளிச்சென்று இருந்தது. அவள் உதடு அசைய, அதற்கு மேல் என் குரல்: "வாயை மூடுங்க!" டிவியின் சத்தம் கருவி வழியாக வரவே இல்லை. லேப்டாப்பின் மைக், கூடத்தில் கேட்டதையெல்லாம் பிடித்து வைத்திருக்கிறது.

அவள் பேச்சு எங்கள் மூவர் கூச்சலுக்கு அடியில் எங்கேயோ. கடைசி வரை பார்த்தாள்.

"இருபத்தாறு வருஷமா இதுதான். நான் வாயைத் திறப்பேன், உங்க குரல் கேக்கும்."

மச்சினன் தலையணையில் முகம் புதைத்துச் சிரித்தான். மாமனார் மின்விசிறியை ஆராய்ந்தார்.

"சரி, என்னதான் சொன்னே?" என்றேன்.

"டிவி முன்னாடிதானே இருந்தீங்க?"

"நான் லேப்டாப்பைல்ல பாத்துட்டிருந்தேன்."

எழுந்து என் மணிக்கட்டைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். குழாயைத் திறந்து கையை அதன் கீழ் நீட்ட வைத்தாள்.

"சுட்டுக்கிட்டா முதல்ல இதுதான். இருபது நிமிஷம். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் பேசக் கூடாது."

சொல்லத் தொடங்கினாள். நன்றாகத்தான் பேசுகிறாள். ஐந்தாவது நிமிடத்தில், தண்ணீர் வீணாகிறதே என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.