ஜன்னலில் வளர்ந்த செம்பாசி

கோடை விடுமுறைக்குக் கல்லூரி விடுதியை மூடிவிட்டார்கள். ஆய்வுக்காக நான் வளர்த்த செம்பாசியைக் கண்ணாடிக் குப்பிகளில் எங்கள் ஊர் கெங்குவார்பட்டிக்கு எடுத்துவந்தேன், பஸ்ஸில் மடியில் வைத்தபடியே. கடலே இல்லாத ஊர்க்காரிக்கு இது எதற்கு, தலைப்பை மாற்று என்று பேராசிரியர் முன்பே சொல்லியிருந்தார். நான் மாற்றவில்லை. கடல்நீர் போல உப்புகளைக் கலந்து கொடுத்தால் எங்கேயும் வளரும். வெளிச்சம் வேண்டும், அவ்வப்போது குலுக்கிவிட ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

ஒற்றைச் செல் உயிர் அது. மற்றப் பாசிகளைப் போலக் கெட்டியான சுவர் அதற்குக் கிடையாது. உள்ளேயே சர்க்கரைகளைச் சங்கிலியாகக் கோத்து, நீரிலிருந்து எடுத்த சல்பேட்டை அதில் ஒட்டி, சின்னப் பைகளில் வெளியே தள்ளும். அது செல்லின் மேல் கொழகொழவென்று போர்வையாகப் படியும். அதில் கொஞ்சம் கரைவதால் நீரும் கெட்டிப்படும். அந்தக் கொழகொழப்புதான் என் ஆய்வு.

வீட்டில் நல்ல வெளிச்சம் முன்னறை ஜன்னலில்தான். அங்கே வரிசையாக வைத்தேன். என்னைப் பெண் பார்க்க வரும் நாள் முடிவானதும் அப்பாவின் அக்கா வந்து இறங்கினார்.

“ஏண்டி, நல்ல காரியத்துக்கு வாராக. ரத்தம் மாதிரி இதை நடுவீட்ல வச்சிருக்க? கொண்டுபோய் ஊத்து.”

“ஊத்தமாட்டேன் அத்தை.”

அவர்கள் வரும் அன்று நான் சேலை கட்டிக்கொண்டிருந்தபோது அத்தை ஒரு குப்பியைக் கவிழ்த்துவிட்டார். ஓடிவந்து பார்த்தால் வாசல் சாக்கடையில் சிவப்பாக இழுத்துக்கொண்டு போகிறது. அழுகை வரவில்லை. ஜன்னலை மறைத்து நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

“இன்னொண்ணைத் தொட்டீகன்னா இங்கனயே இருந்துக்குவேன். காபி நீங்களே குடுங்க.”

அத்தை தொடவில்லை.

வந்தவர்களில் மாப்பிள்ளையின் அம்மா முதலில் கேட்டதே அதைத்தான். “அது என்னாத்தா, பீட்ரூட் சாறா?”

பாசி என்றேன். குப்பியைச் சாய்த்துக் காட்டினேன். விளக்கெண்ணெய் போல மெதுவாக இறங்கியது. அது தன்மேல் போர்த்திக்கொள்ளும் போர்வையைப் பற்றி, சல்பேட்டைப் பற்றி, எல்லாவற்றையும் சொன்னேன். காபி ஆறிப்போனது.

“வெண்டைக்கா வழுவழுப்பு மாதிரியா?”

“அதுமாதிரிதாங்க. ஆனா இதுல கந்தகம் சேந்திருக்கும்.”

அவர் சிரித்தார். “சரித்தா. கல்யாணத்துக்குப் பொறகு இதெல்லாம் எதுக்கு?”

“அப்பவும் இதைத்தாங்க செய்வேன்.”

மாப்பிள்ளை தலை நிமிரவே இல்லை. ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பினார்கள். சொல்லி அனுப்பவில்லை.

“பொம்பளப்புள்ள இப்படியா பேசும்?” என்று அத்தை அப்பாவிடம் பாய்ந்தார். அப்பா, “கேட்டாக, சொன்னா” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோப்புக்குப் போய்விட்டார்.

நான் பட்டம் வாங்குவதற்குள் இன்னும் இரண்டு வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களிடமும் அதே பதிலைத்தான் சொன்னேன், இன்னும் கொஞ்சம் சத்தமாக.