மின்சிகரெட்டில் மோட்டார் இல்லை

நான் இப்போது வேலை பார்க்கும் வெளிநாட்டு ஊரான ஹெண்டர்சனில், ஒரு சூப்பர்மார்க்கெட்டின் குளிரறையில் கம்ப்ரஸரை இறக்கி வைத்தபோதுதான் முதன்முதலாக மூச்சு முட்டியது. ஐம்பத்தொரு வயதாகிறது, இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன். விட்டது அதை மட்டும்தான், சிகரெட்டை இல்லை.

அடுத்த குளிர்காலத்தில் எங்கள் வீட்டு ஏற்றத்தில் குப்பைத் தொட்டியை இழுக்க முடியவில்லை. கிளினிக்கில் ஸ்பைரோமெட்ரி (குழாயில் ஊதவைத்து மூச்சின் வலுவை அளக்கும் சோதனை) எடுத்தார்கள். சி.ஓ.பி.டி. (நாள்பட்ட மூச்சடைப்பு நோய்) என்றார் மருத்துவர். போன நுரையீரல் திரும்பாது, புகையை நிறுத்தினால் மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். முப்பது வருடப் பழக்கம். பயந்துவிட்டேன்.

தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை, நிகோடின் சூயிங்கம் இரண்டுமே ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. கிளினிக்கின் நர்ஸ் யாழ்ப்பாணத்துக்காரர். மின்சிகரெட்டைப் பற்றி அவரிடம் கேட்டேன்.

"சிகரெட்டை விடக் கேடு குறைவெண்டு சொல்லினம். கேடே இல்லையெண்டு நான் சொல்லமாட்டன். சிகரெட்டை முழுசா விடுறதெண்டால் மட்டும் பாருங்கோ."

பேனா போன்ற ஒன்றை வாங்கினேன். அதன் அடியில் ஒரு திருகு, 3.2 முதல் 4.8 வோல்ட் வரை. நான் மதுரையில் பதினெட்டு வருடம் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்காக இருந்தவன். லோ வோல்டேஜில் கருகிய மோட்டார்களை எத்தனை அவிழ்த்திருப்பேன்! ஸ்டெபிலைசர் வாங்காத வீட்டுக்காரர்களைத் திட்டியே தொண்டை வற்றியவன். அந்தப் புத்தியில், யோசிக்காமல் 4.8-க்குத் திருகினேன்.

தொண்டை எரிந்தது. கருகிய பஞ்சு வாடை. இருமல் நிற்கவில்லை. நோய் முற்றுகிறது என்று நினைத்து, இதற்குச் சிகரெட்டே தேவலை என்று மூன்றாவது வாரம் பழைய இடத்துக்குப் போய்விட்டேன். மாதம் முடிவதற்குள் எக்ஸாஸர்பேஷன் (நோய் திடீரென்று தீவிரமாவது) என்று நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன்.

வீட்டுக்கு வந்த அன்று, என் மனைவி மலர் அந்தக் கருவியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க, இத எதுக்கு ஃபுல்லா வச்சிருக்கீங்க?"

"லோ வோல்டேஜ்ல வச்சா கருகிரும்டி."

"ஃப்ரிட்ஜுல மோட்டார் இருக்கு, கருகும். இதுல மோட்டார் எங்க இருக்கு?"

கருவியை அவளிடமிருந்து வாங்கிப் பார்த்தேன். உள்ளே இருப்பது சூடாகும் ஒரு கம்பிச்சுருள், அவ்வளவுதான். வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் திணறி, கரண்டை அதிகம் இழுத்துச் சூடாகும். சுருளுக்கு நேர் எதிர். வோல்டேஜ் ஏற ஏறச் சூடும் ஏறும், திரவம் ஊறி வருவதற்குள் பஞ்சு கருகிவிடும். ஐ.டி.ஐ.யில் முதல் வருடப் பாடம். வெட்கமாக இருந்தது.

சிகரெட்டை விடுவதற்காக இதை எடுப்பவர்களுக்குச் சொல்கிறேன். மிகக் குறைந்த எண்ணில் தொடங்குங்கள். ஆவி போதவில்லை என்றால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள், கருகல் வாடை வந்தால் உடனே இறக்குங்கள். சுருளில் ஓம் (மின்தடையின் அளவு) போட்டிருக்கும். அந்த எண் சிறியதானால் வோல்டேஜும் குறைவாக இருக்கவேண்டும். திருகு இல்லாத சாதாரண பேட்டரி, முழுதாக ஏறியிருக்கும்போது 4.2 வோல்ட் வரை தரும், தீரத் தீரக் குறையும். கருகிய சுருளை மாற்றிவிட்டு 3.4-ல் வைத்தேன். எனக்கு அது போதும். அதன்பின் சிகரெட்டைத் தொடவில்லை. நிகோடின் என்னை விட்டுவிட்டது என்று மட்டும் சொல்லமாட்டேன்.

உடம்பு பழைய உடம்பு இல்லை. குளித்தால் தலை துவட்ட உட்காரவேண்டும். முன்பு காலையில் கிளம்பப் பத்து நிமிடம் ஆகும், இப்போது முக்கால் மணி நேரம். நடந்தால் பேச முடியாது, பேசினால் நடக்க முடியாது. அலுப்பாகத்தான் இருக்கிறது.

ஒரு வருடம் கழித்து மறுபடி ஊதவைத்தார்கள். வெளியே காத்திருந்த மலர், கார் நிறுத்துமிடத்துக்கு நடக்கும்போது கேட்டாள்.

"ஏறியிருக்கா?"

பதில் சொல்வதற்காக நின்றேன். மூச்சு வரும்வரை அவளும் நின்றாள்.

"ஏறல. எறங்கவும் இல்ல."

அவள் அழுதுவிட்டாள். எனக்கும் அழுகை வந்தது. அழுவதற்கும் மூச்சு வேண்டுமே, வீட்டுக்குப் போய் உட்கார்ந்து அழுதுகொள்ளலாம் என்று காரில் ஏறினேன்.