மாப்பிள்ளை வேலை பார்த்த தீவு

எழுபதுகளின் கடைசியில் என் தங்கை கிரேஸுக்குக் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை, இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுக்கடலில் இருக்கும் மேன் தீவில் டாக்டர். அந்தத் தீவுக்குச் சொந்தமாக நாடாளுமன்றமும் பண நோட்டும் தபால்தலையும் உண்டு, ஆனால் அது தனி நாடில்லை என்று கடிதத்தில் எழுதியிருந்தார்.

"அரசாங்கம் இருக்காம், நாடு இல்லையாம்! நம்மள ஏமாத்துதான்" என்று எங்கள் ஊரான சங்கரன்கோவிலில் சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

டீச்சரான கிரேஸ், பள்ளி நூலகத்திலிருந்து தடித்த கலைக்களஞ்சியம் ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தாள். மலைகள், ஆட்டு மந்தைகள், மீன்பிடி, சுற்றுலா எல்லாம் போட்டிருந்தது. பிரிட்டிஷ் ராணிக்கு உட்பட்டிருந்தாலும் தன் சட்டத்தைத் தானே இயற்றும் தீவு என்றும் இருந்தது.

"இப்பச் சொல்லுண்ணே, அவரு பொய்யா சொல்லுதாரு?"

மறுநாளே பஸ் ஏறிக் கரிவலம்வந்தநல்லூர் போய், மகனை ஏமாற்றுக்காரர் என்று ஊரெல்லாம் சொன்னதற்காக மாப்பிள்ளையின் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"தங்கச்சிய அவ்வளவு தூரம் அனுப்பணும்னா நாலு இடத்துல விசாரிக்கத்தான செய்விய தம்பி? உள்ள வாங்க" என்றார் அவர்.

நான் ஓரிடத்தில்கூட விசாரிக்கவில்லை. அதையும் அவரிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார்.

கல்யாணம் நடந்தது. தெரியாத விஷயத்தை யாராவது சொன்னால், இப்போதெல்லாம் நான் அவசரப்படாமல் இன்னொரு கேள்வி கேட்கிறேன்.