பூட்டு அக்காவின் ஓசிப் போன்

பெண்களுக்கு முடி வெட்டிச் சாயம் போடும் கடை அது. நடத்துகிறவளை அந்தத் தெருவே பூட்டு அக்கா என்றுதான் கூப்பிட்டது. அவள் பூட்டு விற்கவில்லை, சாவி செய்யவுமில்லை. அவள் வாய்தான் பூட்டு. தலை கழுவும் தொட்டியில் கழுத்தைச் சாய்த்து, வெதுவெதுப்பான தண்ணீர் உச்சியில் விழுந்ததும் எப்பேர்ப்பட்ட பெண்ணுக்கும் நாக்கு அவிழ்ந்துவிடும். மாமியார் படுத்தும் பாடு, மகன் யாரோடு சுற்றுகிறான், நெற்றியில் விழுவது சொந்த முடியா ஒட்டு முடியா என்று ஒன்றுவிடாமல் வந்து கொட்டும். கொட்டியது வெளியே போகாது. உண்மையைச் சொன்னால் அக்காவின் கத்திரி வேலை சுமார்தான். இரண்டு தெரு தள்ளி இதைவிட நன்றாக வெட்டினார்கள். ஆனாலும் கூட்டம் இங்கேதான் வந்தது.

அப்படிப்பட்டவளும் ஒருத்தியிடம் மட்டும் மனசைத் திறப்பாள். அது அவள் தங்கச்சி. கடல் தாண்டிய ஊரில் புருஷனோடு இருந்தாள், நர்ஸ் வேலை. இந்தத் தெருவில் யாரையும் தெரியாதவளிடம் எதைச் சொன்னால்தான் என்ன?

அக்காவின் கொழுந்தன் அதே தெருவில் செல்போன் கடை வைத்திருந்தான். அண்ணன் செத்த பிறகு, 'அது எங்க அண்ணன் போட்ட கடை' என்று அக்காவின் கடையைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன். ஆனால் நேரில் வந்தால் வாயெல்லாம் தேன். ஒருநாள் அக்காவின் போனை வாங்கி, பேசுவதற்கான ஆப் ஒன்றை அதில் ஏற்றினான்.

"அண்ணி, தங்கச்சிகிட்டப் பேசறதுக்கு எதுக்குக் காசைக் கரைக்கறீங்க? இதுல எவ்வளவு நேரம் பேசினாலும் ஓசி."

சம்மதமா என்று போன் கேட்கக் கேட்க, அவன் சம்மதம், சம்மதம், சம்மதம் என்று தட்டிக்கொண்டே போனான். கல்யாணத்தின்போதுகூட அவளிடம் யாரும் இத்தனை தடவை சம்மதம் கேட்டதில்லை. பாஸ்வேர்டையும் அவனே வைத்துக்கொண்டான். "நீங்க மறந்துடுவீங்க அண்ணி, என்கிட்டயே இருக்கட்டும்."

மறுநாளே, அக்காவின் போனில் இருந்த அத்தனை வாடிக்கையாளர்களுக்கும் 'நீங்களும் சேருங்கள்' என்று அவள் பெயரில் செய்தி போய்விட்டது. முட்டி வலிக்கிறது என்று தங்கச்சியிடம் புலம்பினால், சாயங்காலம் போனைத் திறந்ததும் முட்டித் தைல விளம்பரம் வந்து நின்றது. 'என்ன அறிவு பாரேன் இதுக்கு!' என்று அக்கா வியந்தாள். வியக்கிற விஷயமா அது? அடுத்தவன் நம் வீட்டு ஜன்னலில் காதை வைத்திருந்தால் அவனுக்கு அறிவு என்றா சொல்வோம்? ஓசி என்றதும் நம் கண் தானாக மூடிக்கொள்கிறது, வேறொன்றுமில்லை.

கை இரண்டிலும் சாயம் பூசிய உறை, அதனால் போன் எப்போதும் அலமாரியில் ஸ்பீக்கரில் கிடக்கும். கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துத் தங்கச்சியோடு பேசிக்கொண்டே சாயம் குழைப்பாள். அப்படி ஒருநாள் பள்ளிக்கூட டீச்சரைப் பற்றிச் சொன்னாள். நோய்க்கு வைத்தியம் பார்த்ததில் டீச்சருக்குத் தலைமுடி முழுக்கக் கொட்டிவிட்டது. அக்காதான் யாருக்கும் தெரியாமல் ஒட்டு முடி பொருத்திக் கொடுத்திருந்தாள். இரக்கப்பட்டுத்தான் சொன்னாள். ஒரே வாரத்தில் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்துபோனது. டீச்சர் கடை வாசலில் வந்து நின்றாள், உள்ளே வரவில்லை.

"பசங்க என் முடியைப் பிடிச்சு இழுக்கப் பந்தயம் கட்டறாங்க. நல்லாயிருங்க."

அதற்குப் பிறகு தொட்டியில் தலை சாய்த்தவர்கள் வாயை இறுக்கிக்கொண்டார்கள். பிறகு தலை சாய்க்க வருவதே குறைந்தது. அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. தன் வாயிலிருந்து தெருவில் யாருக்கும் ஒரு சொல் போகவில்லை, பின்னே எப்படி?

விடை, இன்சூரன்ஸ் ஆபீஸ் பெண்ணிடமிருந்து வந்தது. சாயம் ஊறட்டும் என்று உட்கார்ந்திருந்தவளிடம், போன் ஏன் சூடாகிறது என்று பார்க்கச் சொன்னாள் அக்கா.

"அக்கா, உங்க கணக்கு இன்னொரு போன்லயும் திறந்திருக்கு. நீங்க பேசினதெல்லாம் பதிவாகி வரிசையா இருக்கு. நேத்து பேசினதை இன்னிக்குக் காலையில யாரோ கேட்டிருக்காங்க." அவள் விரலால் தள்ளிப் பார்த்தாள். "இது உங்க கொழுந்தனார் கடை போன்தானே? அவரை வெளியே தள்ளிடட்டுமா?"

அக்காவின் காதுமடல் கொதித்தது. டீச்சர் விஷயத்தை ஊதிவிட்டது யார் என்று இப்போது புரிந்தது. ஓரகத்திக்கு இதே தொழிலில் கடை போட ஆசை, அதற்கு முதலில் அக்காவின் பெயர் நாற வேண்டும். புருஷன் கேட்பான், பெண்டாட்டி பரப்புவாள். நல்ல ஜோடி.

"தள்ளாதே. அப்படியே இருக்கட்டும்," என்றாள்.

அன்றைக்கே துண்டித்திருக்கலாம். துண்டித்தால் அவன் சிரித்துவிட்டுப் போயிருப்பான். அக்காவுக்கு அவன் அழ வேண்டும், ஊர் பார்க்க அழ வேண்டும். கேட்கிறவனுக்குக் கேட்க வேண்டியதைக் கொடுப்போம் என்று முடிவுகட்டினாள்.

மார்க்கெட் முனையில் பெரிய அறை ஒன்று காலியாக இருந்தது. பார்க்க ராஜாவீடு மாதிரி இருக்கும். ஆனால் அங்கே வருகிற தண்ணீரில் ஷாம்பு நுரைக்காது, சாயம் பிடிக்காது. பிடித்தாலும் வேறு நிறத்தில் பிடிக்கும். அக்கா ஒருமுறை பார்க்கப் போய், குழாய்த் தண்ணீரில் தன் முடியையே நனைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்த இடம் அது.

"அந்த அறை மட்டும் என் கைக்கு வந்துச்சுன்னா போதும்டி, நான் எங்கேயோ போயிடுவேன்," என்று தங்கச்சியிடம் உருகினாள். "அடுத்த வாரம் போய் முடிச்சுடணும்."

தங்கச்சியிடம் உண்மையைச் சொல்லவில்லை. அவளுக்கு நடிக்க வராது. எல்லாம் முடியட்டும், சாதாரண போனில் கூப்பிட்டுச் சொல்லி இருவரும் வயிறு வலிக்கச் சிரிக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள். கொழுந்தன் தூண்டிலைக் கவ்வினான். அறைக்காரரிடம் ஆள் விட்டுப் பேசிவிட்டான், நாளைக்குக் கையெழுத்து என்று அக்காவின் காதுக்கு வந்தது.

அன்று மாலை தங்கச்சி கூப்பிட்டாள். குரல் உடைந்திருந்தது.

"அக்கா, அவர் திரும்பவும் கை நீட்டிட்டார். என்னால முடியலை. மாசக் கடைசியில கிளம்பி வந்துடறேன். அவருக்குத் தெரியாது. பாஸ்போர்ட்டைப் பழைய பெட்டியில துணிக்கு அடியில வச்சிருக்கேன்..."

இந்த இடத்தில் 'நிறுத்துடி' என்று ஒரு வார்த்தை போதும். அக்காவின் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. நிறுத்தினால் அலமாரிக்கு அந்தப் பக்கம் கேட்கிறவனுக்குச் சந்தேகம் தட்டும், கையெழுத்து நின்றுபோகும். அந்தக் கேடுகெட்டவனுக்குத் தங்கச்சி குடும்பத்துக் கதை எதற்கு என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். தங்கச்சி எந்த நாள், எந்த விமானம் என்று எல்லாவற்றையும் சொல்லி அழுது முடித்தாள்.

கொழுந்தன் கையெழுத்துப் போட்டான். ஓரகத்தியின் நகைகள் சுழல் நாற்காலிகளாகவும் ஆளுயரக் கண்ணாடிகளாகவும் மாறின. கடை திறந்த முதல் வாரத்திலேயே டாக்டர் வீட்டம்மாவின் தலை துருப்பிடித்த ஆணி நிறத்துக்குப் போனது. அவள் நடுத்தெருவில் நின்று ஓரகத்தியைக் கிழி கிழி என்று கிழித்தாள். எதிர்ச் சாரியில் டீக்கடையில் நின்று அக்கா அதை ஒரு சொல் விடாமல் கேட்டாள். அன்றைக்கு டீ அமிர்தமாக இருந்தது. பழி தீர்ப்பது பாவம் என்கிறவர்கள் அந்த டீயைக் குடித்ததில்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். விட மனசு வரவில்லை. கடைக்குத் திரும்பினாள், தங்கச்சியைக் கூப்பிட்டாள், அவள் எடுக்காமல் குரல் செய்தி பதிய ஆரம்பித்ததும் அலமாரிப் பக்கம் குனிந்தாள்.

"தம்பி, கேக்குதா? உங்க அண்ணிதான் பேசறேன். தண்ணி நல்லா இருக்கா? இன்னும் பத்து வருஷம் அதுலயே தலை முழுகுங்க."

மறுநாள் காலையில் அவன் அதைக் கேட்டுவிட்டதாகப் போன் காட்டியதும், இன்சூரன்ஸ் ஆபீஸ் பெண்ணிடம் கற்றுவைத்திருந்தபடி பாஸ்வேர்டை மாற்றி அவன் போனை வெளியே தள்ளினாள். அன்றிரவு வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

மூன்றாம் நாள் தெரியாத எண்ணிலிருந்து கூப்பிட்டது தங்கச்சி. கூட வேலை பார்க்கிறவளின் போன்.

"அக்கா, என் குரலையே எனக்குப் போட்டுக் காட்டினார்." அழவில்லை அவள், அதுதான் பயமாக இருந்தது. "யாரோ அனுப்பியிருக்காங்க. பெட்டியை நேரா போய்த் திறந்தார். பாஸ்போர்ட் இப்ப அவர்கிட்ட."

"அந்தப் படுபாவிதான்டி! கொழுந்தன்! நம்ம பேச்சையெல்லாம் ஒட்டுக்கேட்டுட்டு இருந்திருக்கான். அவன் கையில புழு வைக்க! நான் அவனைச் சும்மா விட்டேன்னு நினைக்கிறியா? தெருவுல நிக்க வச்சேன்டி அவனை, அந்த மார்க்கெட் அறை..."

"இரு. அறை கதை அவன் கேக்கணும்னு சொன்னதா?"

அக்கா போனை ஸ்பீக்கரிலிருந்து எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப நான் அழுது சொன்னேனே, அன்னிக்கு அவன் கேக்கறான்னு உனக்குத் தெரியுமா?"

அக்கா இதுவரை அவளிடம் ஒரு பொய்தான் சொல்லியிருந்தாள். இன்னொன்று வாயில் வரவில்லை.

"தெரியும்," என்றாள்.

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது. தங்கச்சி கேட்டாள்.

"அப்புறம் ஏன்க்கா என்னைப் பேச விட்டே?"