நான் எழுதிய பொய் விலாசம்

எழுபதுகளில் மயிலாப்பூரில் ஒரு காசநோய் கிளினிக்கில் வேலை பார்த்தேன். சளியில் கிருமி இருக்கிறது என்று முடிவு வந்தும் திரும்பி வராதவர்களை வீடு தேடிப் போய் மருந்துக்கு அழைத்து வருவது என் வேலை. நிறையப் பேர் பொய் விலாசம் கொடுத்திருப்பார்கள். விஷயம் தெரிந்தால் குழாயடியில்கூட யாரும் பக்கத்தில் நிற்கமாட்டார்கள் என்று பயம். வெயிலில் அலைந்து திரும்பும் நான் அவர்களைத் திட்டாத நாள் கிடையாது.

அப்புறம் எனக்கே இருமல் வந்தது. மூன்று வாரமாகியும் நிற்கவில்லை. சாயங்காலமானால் உடம்பு கணகணவென்று சுடும். ஆழ்வார்பேட்டை வீட்டில் என் இரண்டு வயது மகள் என் தட்டில்தான் சாப்பிடுவாள், என் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவாள். வீட்டில் சொன்னால் மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கே போய்விடுவார். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது தினமும் கிளினிக்கில் நான் பார்ப்பதுதான்.

ஒருநாள் காலை, நொச்சிக்குப்பத்திலிருந்து வந்த சளி டப்பாக்களோடு என்னுடையதையும் வைத்தேன். வாய்க்கு வந்த ஒரு பெண் பெயரையும் குப்பத்தில் ஒரு தெருவையும் சீட்டில் எழுதினேன். கிருமி இல்லையென்றால் யாருக்கும் தெரியாமலே போய்விடும்; இருந்தாலும் தேடிப் போகப்போவது நான்தானே. பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு.

மூன்றாம் நாள் அடையாறு பக்கம் போய்விட்டு மத்தியானம் திரும்பினேன். பெஞ்சில் ஒரு மீன்காரப் பெண் கைக்குழந்தையோடு அழுதுகொண்டிருந்தாள். கூட வேலை பார்ப்பவர் பெருமையாகச் சொன்னார்: "பாசிட்டிவ். நானே போய்க் கூட்டிட்டு வந்துட்டேன். டப்பாவே குடுக்கலைன்னு சாதிக்கிறா."

சீட்டைப் பார்த்தேன். என் கையெழுத்து. அந்தத் தெருவில் அந்தப் பெயரில் நிஜமாகவே ஒருத்தி இருந்திருக்கிறாள்.

"நான் நல்லாத்தாம்மா கீறேன்," என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தெருவே வேடிக்கை பாத்துச்சு. எங்க வூட்டுக்காரு இனிமே சேத்துக்குவாரா?"

இவளுக்கு மறுபடி சோதித்தால் ஒன்றுமில்லை என்று வரும், அனுப்பிவிடுவார்கள், நானும் தப்பிவிடுவேன் என்று மனசு ஓடியது. இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது.

குழந்தை அவள் முந்தானையை வாயில் வைத்துச் சப்பியது. அவள் அதைப் பிடுங்கிவிட்டு, பிள்ளையைத் தன்னிடமிருந்து தள்ளி பெஞ்சின் கோடியில் உட்காரவைத்தாள். அது கை நீட்டிக் கத்தியது. அவள் தொடவில்லை. ஒரு நோயும் இல்லாதவள் செய்த அந்தக் காரியத்தை மூன்று வாரமாக நான் செய்யவில்லை.

"பிள்ளையைத் தூக்கிக்கோம்மா," என்றேன். "அது என் சளி."

சத்தம் கேட்டு வெளியே வந்திருந்த டாக்டர் என்னைத் திட்டவில்லை. "உங்க பொண்ணை நாளைக்கே டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டு வாங்க," என்று மட்டும் சொன்னார். அன்று ராத்திரி என் தட்டுக்கு வந்த மகளுக்குத் தனித் தட்டில் சோறு போட்டேன்.