யாழினி கல்யாணத்து டிரைலர்

பழனியம்மாளின் மூத்த மகளின் கல்யாண வீடியோவில் அந்தம்மாவுடைய பட்டுச்சேலையின் கிழிசல் தெரிந்த இடங்களை, ராயபுரம் வீடியோக்காரர் தௌபிக் யாரும் சொல்லாமலே வெட்டியெடுத்துவிட்டார். அதைப் பற்றி அவரும் வாய் திறக்கவில்லை, அந்தம்மாவும் கேட்கவில்லை.

சாப்பிடும்போது தௌபிக் செல்போனில் புதுப்பட டிரைலர் பார்ப்பார். முதலில் சத்தமில்லாமல், பிறகு கண்ணை மூடிச் சத்தம் மட்டும். "பேய்ப் படம்னா சத்தத்த நிறுத்துனாத்தானுங்க பயம் வரும். சண்டைப் படம்னா வில்லன் செருப்பை மட்டும் காட்டோணும். மூஞ்சியக் காட்டிட்டா டிக்கெட் எவன் வாங்குவான்?"

வீட்டிலும் கறிப்பையைப் பாதிதான் திறந்து காட்டுவார். மனைவி இக்ரா, "முழுப் படத்தக் காட்டுறீங்களா, இல்ல நானே கடைக்குப் போகட்டுமா?" என்பார்.

பழனியம்மாளின் இளையவள் யாழினி. அவள் நிச்சயதார்த்தத்தில் தாய்மாமனுக்குப் போட்ட நாற்காலி கடைசிவரை காலியாகவே கிடந்தது. கணியூரில் இருக்கும் பழனியம்மாளின் அண்ணன் செந்தில்வேல், ஒரு காதுகுத்துக்கு முறையாக அழைக்கவில்லை என்று பேச்சை நிறுத்தியவர். மணமேடையில் மாமன் முறை செய்ய வேறு ஆளில்லை. பழனியம்மாள் சிவன்மலை முருகனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

நிச்சயதார்த்தத்தில் எடுத்ததை வெட்டி ஒட்டி, தௌபிக் வரப்போகும் கல்யாணத்துக்கு ஒரு டிரைலரை வாட்ஸ்அப்பில் விட்டார். பாட்டு, சிரிப்பு, வளையல் குலுங்கல். திடீரென்று சத்தம் நின்றது. காலி நாற்காலி மெல்ல மெல்ல நெருங்கி வந்தது. திரை இருண்டது. 'தாய்மாமன் வருவாரா?'

யாழினியின் அப்பா குமாரவேல் போனில் கத்தினார். "ஏனுங்க, ஊட்டு விசயத்தப் பேய்ப் படமாட்டம் ஊரெல்லாம் வுட்டுட்டீங்களே!"

"படம் இன்னும் முடியலீங்களே அண்ணா."

கணியூரில் செந்தில்வேல் டீக்கடைக்குப் போனாலும் முடிவெட்டப் போனாலும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "வருவீங்களா?" என்று கேட்டார்கள்.

முகூர்த்தத்தன்று சீர்த்தட்டுகளோடு அவர் மண்டபத்தில் இறங்கினார். தங்கையைப் பார்க்காமல் நேராகத் தௌபிக்கிடம் வந்தார்.

"எம்பட நாற்காலி எங்கய்யா?"

மணமேடையருகே போட்டிருந்த நாற்காலியைத் தௌபிக் கைகாட்டினார். அவர் போய் உட்கார்ந்தார். பழனியம்மாள் தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில் போய் நின்றார். அண்ணன் வாங்கிக் குடித்தார்.

மண்டபம் காலியானதும் கேமராப் பையைத் தோளில் போட்ட தௌபிக்கிடம் பழனியம்மாள் கேட்டார்: "எங்கண்ணன் வராம போயிருந்தா என்ன தம்பி பண்ணீருப்பீங்க?"

"அதுக்கும் ஒண்ணு வெட்டி வெச்சிருந்தனுங்க அக்கா. அது அழுகைப் படம். நீங்க பாக்க வேண்டாம்."

சொல்லிக்கொண்டே செல்போனை எடுத்து அதை அழித்தார்.